காத்திருப்பது வேறு, கைவிடுவது வேறு



சம்பளம், வீடு, காணி, சேமலாப நிதி என்று எழுதும் இந்தப் பக்கத்தில் இம்முறை பிள்ளைகளின் காதைப் பற்றி எழுதுகிறோம். இது ஆஸ்பத்திரிக் காரியம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காது மந்தமான பிள்ளை வகுப்பில் பின்தங்குகிறது. பின்தங்கிய பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பாடசாலையை விட்டு நிற்கிறது. நின்ற பிள்ளைக்குக் கொழுந்து மலையும் கொழும்புக் கடையும்தான் மிஞ்சுகின்றன. ஆகவே இது சங்கத்தின் வேலைதான்.

பசறை, லுணுகலை, மடுல்சீமை தொடங்கி ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை வரை தோட்டக் கூட்டங்களில் பெற்றோர் எம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "பிள்ளைக்குக் காதுக்குள்ள தண்ணி நிக்கிதாம். குழாய் வைக்கணும்னு ஒரு டாக்டர் சொல்றாரு. பொறுத்துப் பார்ப்போம்னு இன்னொருத்தர் சொல்றாரு. வைக்காம விட்டா பிள்ளை மக்காப் போயிருமா?" சிலர் சத்திர சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதுமே பயந்து கிளினிக் பக்கமே போவதில்லை. வேறு சிலர் நகையை அடகு வைத்தாவது தனியார் ஆஸ்பத்திரியில் உடனே செய்துவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். இந்த இரண்டு வகைப் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில மாதம் பொறுத்துப் பார்ப்பதால் நிலையான கெடுதல் வருவதில்லை. ஆனால் அந்தப் பொறுமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் காலம் முழுவதும் பிள்ளையின் காதை யாராவது திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எமது தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குக் காத்திருப்பு மட்டும் கிடைக்கிறது. பார்ப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை.

காதுக்குள் நடப்பது என்ன?

காதுச் சவ்வுக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சிறிய அறை இருக்கிறது. அதை நடுக்காது என்பார்கள். தொண்டையின் மேற்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய குழல் வழியாக அந்த அறைக்குக் காற்றுப் போகிறது. பெரியவர்களுக்கு அந்தக் குழல் நீளமாகவும் சாய்வாகவும் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அது குட்டையாக, ஏறக்குறையப் படுக்கையாக இருக்கும். தடிமன் பிடித்தாலோ மூக்குக்குப் பின்னால் உள்ள சதை வீங்கினாலோ குழல் அடைபட்டுவிடும். காற்றுப் போகாத அறையில் நீர் ஊறுகிறது. நாள் போகப் போக அது பசை போலத் தடிக்கிறது. சவ்வும் அதன் பின்னால் உள்ள சிறு எலும்புகளும் நன்றாக அதிர முடியாமல் சத்தம் மங்கிவிடுகிறது.

இதில் பெரும்பாலும் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் வடிவதும் இல்லை. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. கேட்கும் திறன் பொதுவாக 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல், கிசுகிசுப்பு ஏறத்தாழ 30 டெசிபல். ஆகவே பிள்ளை செவிடாகிவிடவில்லை. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு கேட்பது போல அதற்கு உலகம் கேட்கிறது. பக்கத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டால் திரும்பும். பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னால் தெரியாது. இந்த வாரம் கேட்கும், தடிமன் பிடித்தால் அடுத்த வாரம் கேட்காது. "கேக்காத மாதிரி நடிக்கிறான்" என்ற பழி பிள்ளைமேல் விழுவது இதனால்தான்.

பாடசாலைக்குப் போகும் வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது இப்படி நீர் நிற்கிறது. பணக்கார வீட்டிலும் நிற்கிறது, லயத்திலும் நிற்கிறது. அநேகமாக மூன்று மாதத்துக்குள் அது தானாக வற்றிவிடும். வற்றாமல் மாதக்கணக்கில் நிற்பதும், வற்றித் திரும்பத் திரும்ப வருவதும்தான் கவலைக்குரியவை.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். காதிலிருந்து சீழ் வடிவது இதிலிருந்து வேறான நிலை. சவ்வில் ஓட்டை விழுந்து, கிருமி தொற்றி வடிவது அது. "ஒழுகி ஒழுகித் தானா நின்னுரும்" என்று விடக் கூடாது. அதற்கு மருந்து உண்டு, உடனே காட்ட வேண்டும். காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, கடும் காய்ச்சலும் வாந்தியும் வந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

குழாய் எப்படி வேலை செய்கிறது?

வைத்தியர்கள் குரொமெட் என்று சொல்லும் அந்தக் குழாய் நெல்மணியை விடச் சிறியது. பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, காதுச் சவ்வில் மிகச் சிறிய கீறல் போட்டு, உள்ளே நிற்கும் நீரை உறிஞ்சி எடுத்து, அந்தக் கீறலில் குழாயைப் பொருத்துவார்கள். சத்திர சிகிச்சை கால் மணித்தியால அளவில் முடிந்துவிடும். அடைபட்ட குழலுக்குப் பதிலாக இந்தக் குழாய் வழியே நடுக்காதுக்குக் காற்றுப் போகிறது. சாதாரணமாக 6 முதல் 18 மாதத்துக்குள் குழாய் தானாக வெளியே தள்ளப்பட்டு, கீறலும் மூடிவிடும். 1954இல் அமெரிக்க வைத்தியர் பெவர்லி ஆம்ஸ்ட்ரோங் பிளாஸ்டிக் குழாயை வைத்து இந்த முறைக்குப் புத்துயிர் கொடுத்தார். இன்று மேலை நாடுகளில் பிள்ளைகளுக்கு மிக அதிகமாகச் செய்யப்படும் சத்திர சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

ஆகவே பயந்து ஓட வேண்டியதில்லை. காதை அறுப்பார்கள், மூளையில் கை வைப்பார்கள் என்று லயத்தில் சொல்லப்படும் கதைகளில் உண்மை இல்லை. அதே நேரம் இது விளையாட்டுக் காரியமும் அல்ல. மயக்க மருந்து கொடுக்க வேண்டும். குழாய் இருக்கும் காலத்தில் சில பிள்ளைகளுக்குக் காது ஒழுகும். மிகச் சிலருக்குக் குழாய் விழுந்த பிறகும் சிறிய ஓட்டை மூடாமல் நிற்கும். குழாய் விழுந்த பிறகு நீர் மறுபடி நின்று, இரண்டாம் தடவை வைக்க வேண்டியும் வரலாம்.

குழாய் வைத்ததும் கேள்வி தெளிவது உண்மை. முதல் சில மாதங்களில் அந்த நன்மை நன்றாகத் தெரியும். ஆனால் குழாய் வைக்காத பிள்ளைகளுக்கும் நாளடைவில் நீர் வற்றிவிடுவதால், ஒரு வருடம் போன பிறகு இரு பகுதியினருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

பிள்ளையின் வளர்ச்சி பற்றிய கேள்வி

பெற்றோரின் உண்மையான பயம் காதைப் பற்றியது மட்டுமல்ல. கேட்காத அந்த மாதங்களில் பேச்சும் படிப்பும் புத்தியும் கெட்டுவிடுமா என்பதுதான் பயம். வைத்திய உலகிலும் இதே பயம் நீண்ட காலம் இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்வதற்காக அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை வைத்தியரின் குழு 1990களில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. பிறந்து இரண்டு மாதத்துக்குள் 6,350 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, காதுகளைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். மூன்று வயதுக்குள் மாதக்கணக்கில் நீர் வற்றாமல் நின்ற 429 பிள்ளைகளைச் சீட்டுப் போடுவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடனே குழாய். மற்றப் பகுதிக்குப் பொறுத்திருந்து, இரண்டு காதிலும் நீர் என்றால் 6 மாதம் வரை, ஒரு காதில் என்றால் 9 மாதம் வரை பார்த்து, அப்போதும் வற்றாவிட்டால் குழாய்.

பிறகு அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதில் பேச்சையும் மொழியையும் புத்தியையும் சோதித்த முடிவு 2001இல் வந்தது. ஆறு வயது முடிவு 2005இல் வந்தது. ஒன்பது முதல் பதினொரு வயதில் வாசிப்பு, எழுத்து, கவனம், பழக்கவழக்கம், படிப்பு எல்லாவற்றையும் சோதித்த முடிவு 2007இல் வந்தது. மூன்று தடவையும் ஒரே விடைதான். உடனே குழாய் வைத்த பிள்ளைகளும் பொறுத்திருந்த பிள்ளைகளும் சமமாகவே வளர்ந்திருந்தார்கள்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 182 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. அதில் ஒன்பது மாதத்தில், பொறுத்திருந்த பிள்ளைகள் மொழி வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்று மாதம் பின்னால் இருந்தார்கள். பதினெட்டு மாதத்தில் அந்த வித்தியாசம் போய்விட்டது. ஆனால் அதற்குள் பொறுத்திருந்தவர்களில் பெரும்பாலானோருக்கும் சத்திர சிகிச்சை செய்து முடிந்திருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் ஆறுதலானது. சில மாதம் தாமதமானால் பிள்ளை மக்காகிவிடாது. வைத்தியர் "மூன்று மாதம் பார்ப்போம்" என்றால் அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை, ஏழை என்பதால் தட்டிக் கழிக்கவில்லை. உலகம் முழுவதும் வைத்தியர்கள் பின்பற்றும் முறை அது. நகையை அடகு வைக்கவும் வேண்டாம், வட்டிக்கு வாங்கவும் வேண்டாம். சத்திர சிகிச்சை வேண்டியிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

இரண்டாவது பாடத்தைத்தான் எமது அதிகாரிகளும் கம்பனிகளும் படிக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் பொறுத்திருந்த பிள்ளைகள் எப்படிப் பொறுத்திருந்தார்கள்? குறைந்தது மாதம் ஒரு தடவை அவர்களின் காதைப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்தார்கள். கேள்வியைச் சோதித்தார்கள். கெடு முடிந்தும் வற்றாவிட்டால் குழாய் தயாராக இருந்தது. மேலும் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் வேறு குறைபாடு இல்லாத பிள்ளைகள். அண்ணப் பிளவு உள்ள பிள்ளைகள், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள், ஏற்கெனவே நிரந்தரக் கேள்விக் குறை, பார்வைக் குறை அல்லது பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு இந்த ஆறுதலை அப்படியே சொல்ல முடியாது. அவர்களை முன்கூட்டியே நிபுணரிடம் காட்ட வேண்டும்.

எமது மலையில் பார்ப்பவர் யார்?

ஒரு தோட்டத்தில் நாம் அறிந்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறோம். நான்கு வயதில் தாய் அவனை ஒரு கிளினிக்குக் கொண்டு போனார். காதைப் பார்த்தவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அட்டையில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் திரும்ப வர வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. தாய்க்கு அது விளங்கவில்லை. "ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க" என்றுதான் வீட்டில் சொன்னார். விளங்கியிருந்தாலும் அன்றைக்கு ஒரு பேர் போயிருக்கும், பஸ் காசு போயிருக்கும். இரண்டு வருடத்துக்குப் பிறகு, முதலாம் தரத்தில், வகுப்பாசிரியை சொல்வதெழுதல் கொப்பியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மறுபடி அனுப்பியபோதும் இரண்டு காதிலும் நீர் நின்றது. குழாய் வைத்தார்கள். கேள்வி திரும்பியது. ஆனால் எழுத்துக்கள் தாமாகத் திரும்பவில்லை. விடுபட்டவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிக் கொடுக்க ஒரு வருடம் பிடித்தது.

அந்தத் தாயின் மீது எந்தத் தவறும் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்ட வைத்திய ஆலோசனையும் சரியானதுதான். ஆனால் நடுவில் இருந்திருக்க வேண்டிய ஆட்கள் ஒருவரும் இல்லை. அவருடைய மொழியில் சொல்ல ஆள் இல்லை. திரும்ப வரும் நாளை நினைவூட்ட ஆள் இல்லை. போய்வரும் நாளுக்குச் சம்பளம் இல்லை. பார்த்துக்கொண்டு காத்திருப்பது என்று புத்தகத்தில் உள்ளது மலையில் வெறும் காத்திருப்பாகி, பிறகு கைவிடலாகி முடிகிறது.

எமக்குத் தெரிந்த பல டிஸ்பென்சரிகளில் காதுக்குள் பார்க்கும் கைக்கருவி இல்லை. பிள்ளை மடுவத்தில் எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள், காதைப் பார்ப்பதில்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆகிய தரங்களில் நடக்க வேண்டும். அந்த ஒரு நாளில் பிள்ளை வராவிட்டால், அல்லது சத்தம் நிறைந்த மண்டபத்தில் அவசரமாகப் பார்த்தால், மந்தமான காது தப்பிப் போய்விடும். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் 1990களில் ஒரு கிராமத்து ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளைக் கருவி வைத்துச் சோதித்தபோது, பத்துக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கேள்வி குறைந்திருந்தது. நடுக்காது நோய்தான் முக்கிய காரணம். ஊவாவின் தோட்டப் பாடசாலைகளிலும் அப்படி ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே எமது வாதம். பிள்ளைகளின் கேள்விக் குறைகளில் ஏறத்தாழ 60 வீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேடிப் பார்க்காமல் எதைத் தடுப்பது?

சொல்வதெழுதல் சொல்லும் உண்மை

தமிழ்ச் சொல்லுக்கு அதன் கடைசியில்தான் பொருள் நிற்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்பதில் கடைசி ஒலி மாறினால் ஆளே மாறிவிடும். வீட்டை, வீட்டில், வீட்டுக்கு என்பதிலும் அப்படித்தான். பேசும்போது சொல்லின் முடிவை நாம் மெதுவாகத்தான் உச்சரிக்கிறோம். காதில் நீர் நிற்கும் பிள்ளை முதலில் இழப்பது இந்த மெல்லிய முடிவுகளையும் ச, த, ப போன்ற மெல்லொலியாகக் காதில் விழும் எழுத்துக்களையும்தான். அந்தப் பிள்ளை பார்த்தெழுதும்போது பிழை குறைவு. சொல்வதெழுதலில் பிழை கூடும். இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். எழுத்துப் பிழைக்கு எத்தனையோ காரணம் உண்டு. ஆனால் காதை முதலில் பார்த்துவிட்டால் ஒரு காரணமாவது தெளிவாகிவிடும்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள் நடக்கும் பாடசாலைகள் எம்மிடம் இன்னும் உண்டு. நல்ல காது உள்ள பிள்ளைக்கே அங்கே கேட்பது சிரமம். காது மந்தமான பிள்ளையை முன் வரிசையில், ஆசிரியரின் முகம் தெரியும்படி இருத்துவதற்கு ஒரு சதமும் செலவாகாது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல், பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவதற்கும் செலவில்லை. "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்ற பழமொழியை வகுப்பறையிலிருந்து எடுத்துவிடவும் செலவில்லை. ஆசிரிய நண்பர்களிடம் இதை உரிமையோடு கேட்கிறோம்.

லயக் காம்பராவும் காதும்

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும்போது ஒருவரின் தடிமன் எல்லோருக்கும் வருகிறது. தடிமன் அடிக்கடி வரும் பிள்ளைக்குக் காது நீரும் அடிக்கடி வருகிறது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் குடித்தால் பிள்ளையின் காதும் கெடும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட விஷயம். புகைபோக்கி இல்லாத அடுப்பின் விறகுப் புகையும் பிள்ளையின் மூக்குக்கும் தொண்டைக்கும் நல்லதல்ல. தாய்ப்பால் காதைப் பாதுகாக்கிறது. ஆனால் பிரசவ லீவு முடிந்து மலையேறும் தாய்க்குப் பால் கொடுக்க நேரம் கொடுக்காவிட்டால் போத்தல்தான் வரும். படுக்க வைத்துப் போத்தல் கொடுத்தால் ஆபத்து மேலும் கூடும்.

அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிப் பிள்ளைகளிடம் நடுக்காது நோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் அளவில் இருக்கிறது. அவ்வளவு செல்வமுள்ள நாட்டில் ஏன் இப்படி? நெருக்கடியான வீடு, வறுமை, தூரத்து வைத்தியம் என்பவை அங்கே காரணங்களாகப் பட்டியலிடப்படுகின்றன. எமது மலைக்கும் அதே பட்டியல் பொருந்துகிறது. தனி வீட்டுக்கான போராட்டம் பிள்ளையின் காதுக்கான போராட்டமும்தான்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவது, சந்தேகப்படுங்கள். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டும் பிள்ளை, "என்ன?" என்று அடிக்கடி கேட்கும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடும் பிள்ளை, வயதுக்கேற்றபடி பேச்சு வராத பிள்ளை, ஒதுங்கியே இருக்கும் பிள்ளை ஆகியோரைக் காட்டுங்கள். பிறந்ததும் தரப்படும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் கேள்வி பற்றிப் பெற்றோர் கவனிக்க வேண்டியவையும் இருக்கின்றன. தடுப்பூசிப் பக்கத்தோடு நிறுத்தாமல் அந்தப் பக்கத்தையும் வாசியுங்கள். விளங்காவிட்டால் மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள்.

இரண்டாவது, காதில் எதையும் ஊற்றாதீர்கள். நல்லெண்ணெய், உள்ளிச் சாறு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். நீர் நிற்பது சவ்வுக்கு உள்ளே, ஊற்றுவது சவ்வுக்கு வெளியே. ஓட்டை இருந்தால் ஊற்றியதே உள்ளே போய்க் கேடு செய்யும். பார்மசியில் கேட்டுத் தடிமன் மருந்தும் கிருமி மருந்தும் வாங்கிக் கொடுப்பதாலும் இந்த நீர் வற்றாது.

மூன்றாவது, வைத்தியர் பொறுத்திருக்கச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் திகதியில் திரும்ப வர வேண்டும்? கேள்விச் சோதனை எப்போது செய்வீர்கள்? அப்போதும் வற்றாவிட்டால் அடுத்து என்ன? பதிலை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேள்விச் சோதனை வலிக்காது. சவ்வு அசைகிறதா என்று பார்க்கும் சோதனையும் சில நிமிட வேலைதான்.

நான்காவது, குழாய் வைத்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். பீலியிலும் ஆற்றிலும் குளிப்பது பற்றி வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காது ஒழுகினால் காட்டுங்கள். சொன்ன திகதியில் திரும்பப் போங்கள்.

ஐந்தாவது, பேசுங்கள். குழாய் காதைத் திறக்கும், ஆனால் வார்த்தையை உள்ளே வைப்பது வீடுதான். பொறுத்திருக்கும் மாதங்களிலும் பிள்ளையின் முகத்துக்கு நேரே, பக்கத்தில் இருந்து, தெளிவாகப் பேசுங்கள். கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள். அப்பத்தாவும் அம்மாயியும் தாத்தாவும் இதில் பெரிய வைத்தியர்கள். பெற்றோர் மலையில் நிற்கும் பகலில் பிள்ளையின் முழுப் பேச்சும் பிள்ளை மடுவத்து ஆயாவின் கையில் இருக்கிறது. அவருக்குப் பயிற்சியும் மரியாதையான சம்பளமும் வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் கேட்பவை

1. பிள்ளை மடுவத்திலும் முதலாம் தரத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கருவி வைத்துக் கேள்விச் சோதனை செய்ய வேண்டும். அன்றைக்கு வராத பிள்ளையைத் திரும்ப அழைத்துச் சோதிக்க வேண்டும்.

2. ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் காது பார்க்கும் கருவி இருக்க வேண்டும். அதைப் பாவிக்கத் தோட்ட வைத்திய உதவியாளருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். காதில் நீர் உள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

3. பிள்ளையின் கிளினிக் அட்டையைக் காட்டும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். தோட்ட வாகனம் இருக்குமிடத்தில் தூரத் தோட்டப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நாளில் அழைத்துப் போக வேண்டும்.

4. கிளினிக்கில் தமிழில் விளக்கம் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அட்டையில் திரும்ப வரும் திகதியைத் தமிழில் எழுதுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

5. மாகாணத்தின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஆளும் கருவியும் போதியளவு கொடுத்து, தூரப் பிரதேசங்களுக்கு நடமாடும் கிளினிக் நடத்த வேண்டும்.

முதல் மூன்றையும் தோட்ட நிர்வாகங்களிடமும், பின் இரண்டையும் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் எழுத்தில் கொடுக்கிறோம். முதலாவது கோரிக்கை கல்வி அதிகாரிகளுக்கும் போகும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் ஒவ்வொரு லயத்திலும் காதுக்கு மருந்தெடுக்கும் பிள்ளைகளின் பெயரையும், திரும்பப் போக வேண்டிய திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திகதிக்கு ஒரு வாரம் முன்னால் அந்த வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்துங்கள். சிங்களம் தெரிந்த ஓர் இளைஞரைக் கூட அனுப்புங்கள். அன்றைய பேரை வெட்டினால் எமது பதுளைக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். சந்தாப் புத்தகத்தோடு அந்தக் கொப்பியும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரட்டும்.